படிக்காமல் எடுத்த படி

1986 நவம்பரில் அமெரிக்க வெள்ளை மாளிகையில் இரண்டு பேர் தங்கள் மின்னஞ்சல்களை அவசர அவசரமாக அழித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஜான் பாயின்டெக்ஸ்டர். இன்னொருவர் அவருக்குக் கீழே வேலை பார்த்த ராணுவ அதிகாரி ஆலிவர் நார்த். ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்றதும், அதில் வந்த பணம் நிகராகுவாவின் கான்ட்ரா கிளர்ச்சிப் படைக்குப் போனதும் அம்பலமாகத் தொடங்கியிருந்த நேரம். ஐபிஎம் தயாரித்த ப்ராஃப்ஸ் என்ற அஞ்சல் மென்பொருளில் இருவரும் ஆயிரக்கணக்கான கடிதங்களை எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றாக அழித்தார்கள். திரையைத் துடைத்தாகிவிட்டது.

ஆனால் அந்தப் பெரிய கணினியில் இருந்ததையெல்லாம் குறித்த நேரத்துக்கு ஒருமுறை காந்த நாடாவில் படியெடுத்து வைக்கும் வழக்கம் இருந்தது. நாடாக்கள் தனியே பத்திரமாக இருந்தன. விசாரித்த டவர் குழு 1987 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையில், அழிந்துபோனதாக எழுதியவர்கள் நம்பிய கடிதங்கள் அச்சேறின.

அந்த நாடாவுக்கு இரண்டு நல்ல குணங்கள் இருந்தன. ஒன்று, அது ஒரு குறிப்பிட்ட வேளையின் நிலையை அப்படியே பிடித்து வைத்திருந்தது. இன்னொன்று, திரையில் கொடுக்கிற அழிப்புக் கட்டளை அலமாரியில் இருக்கிற நாடா வரைக்கும் போகாது. இன்றைக்கு யார் எந்தப் பெயரில் பேக்கப் விற்றாலும் இந்த இரண்டையும் கேட்டுப் பார்க்கலாம். இது எந்த வேளையின் நிலை? அழிக்க வருகிறவன் கை இதை எட்டுமா? நிறுவனங்களின் மின்னஞ்சல் சர்வர்களைக் காப்பாற்ற இன்று பரவலாகப் பயன்படும் ஸ்டோரேஜ் ஸ்னாப்ஷாட், முதல் கேள்விக்கு அபாரமான விடை. இரண்டாவது கேள்வியில்தான் தடுமாறுகிறது. மூன்றாவதாக ஒரு பலவீனமும் அதற்கு உண்டு. அதை விற்பவர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை.

முதலில், படியெடுப்பதில் என்ன கஷ்டம்?

மின்னஞ்சல் சர்வர் உறங்குவதில்லை. நள்ளிரவிலும் எங்கிருந்தோ கடிதம் வந்துகொண்டிருக்கும், கைபேசிகள் புதிதாக ஏதாவது உண்டா என்று விசாரித்துக்கொண்டிருக்கும், யாரோ ஒருவர் கடிதத்தை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்திக்கொண்டிருப்பார். 1 டெராபைட் அளவுள்ள டேட்டாபேஸை வினாடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் படித்து முடிக்க 83 நிமிடம் ஆகும். இரவு 1 மணிக்கு ஆரம்பித்தால் கோப்பின் தலைப்பகுதி 1 மணி நிலவரத்தைக் காட்டும், வால்பகுதி 2.23 நிலவரத்தைக் காட்டும். நடுவில் 1.40-க்கு வந்த கடிதத்தின் உடல் வால்பகுதியில் எழுதப்பட்டிருக்கிறது, இன்பாக்ஸ் பட்டியலில் அதற்கான வரி தலைப்பகுதியில் எழுதப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். படியில் கடிதம் இருக்கும், பட்டியலில் அதன் பெயர் இருக்காது. அந்தச் சர்வர் எந்த ஒரு நொடியிலும் இல்லாத ஒரு நிலையை அந்தப் படி காட்டிக்கொண்டிருக்கும்.

சிக்கல் இதோடு நிற்பதில்லை. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சை எடுத்துக்கொள்வோம். 1996-இல் வெளிவந்த இந்த மென்பொருள்தான் பல ஆண்டுகளாக உலகின் அலுவலகங்களில் அஞ்சல் நடத்தியது. நூற்றுக்கணக்கான ஊழியர்களின் அஞ்சல் பெட்டிகள் ஒரே டேட்டாபேஸ் கோப்பில் இருக்கும். கோப்பு பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். 2010 பதிப்பிலிருந்து பக்கம் ஒன்றுக்கு 32 கிலோபைட். புதிய கடிதம் வந்தால் எக்ஸ்சேஞ்ச் அதை உடனே அந்தப் பெரிய கோப்பில் கொண்டுபோய் எழுதாது. என்ன மாற்றம் நடக்கப்போகிறது என்பதை முதலில் லாக் கோப்பில் வரிசையாகக் குறித்துக்கொள்ளும். பக்கத்தை நினைவகத்தில் மாற்றிவைத்து, பிறகு சாவகாசமாக டிஸ்க்கில் இருக்கும் கோப்புக்கு அனுப்பும். 2007 பதிப்பிலிருந்து லாக் கோப்பு ஒவ்வொன்றும் 1 மெகாபைட்தான்; சுறுசுறுப்பான சர்வர் ஒரு நாளில் இவற்றை ஆயிரக்கணக்கில் எழுதித் தள்ளும். எதுவரை கோப்பில் ஏறிவிட்டது என்பதைக் குறித்துவைக்க செக்பாயின்ட் என்று இன்னொரு சின்னக் கோப்பு.

ஆக, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் டேட்டாபேஸ் கோப்பு எப்போதுமே கொஞ்சம் பழையது. உண்மை நிலவரம் கோப்பிலும் லாகிலும் நினைவகத்திலுமாகச் சிதறிக் கிடக்கிறது. முதலில் லாக், பிறகுதான் பக்கம் என்ற இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தால் மின்சாரம் நடுவில் போனாலும் சேதமில்லை. செக்பாயின்டிலிருந்து லாகை மறுபடி ஓட்டி, முடிந்த வேலைகளைக் கோப்பில் ஏற்றி, பாதியில் நின்றவற்றை ரத்துசெய்துவிடலாம். இந்த முறையை முழுமையாக வகுத்துச் சொன்ன ஏரீஸ் என்ற ஆய்வுக் கட்டுரை 1992-இல் வெளியானது. அதன் முதல் ஆசிரியர் சி. மோகன், தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஐஐடியில் 1977-இல் பட்டம் பெற்றவர். அப்போது கலிஃபோர்னியாவில் ஐபிஎம்மின் அல்மடேன் ஆய்வகத்தில் இருந்தார். ஐபிஎம்மின் டிபி2 தொடங்கிப் பல டேட்டாபேஸ்கள் அந்த வழியில் நடக்கின்றன. எக்ஸ்சேஞ்சின் இயந்திரம் தனியாக எழுதப்பட்டதுதான் என்றாலும், லாகுக்கு முதலிடம் என்ற விதி அங்கேயும் அதேதான்.

இந்தச் சிதறலை ஒரே நொடியில் பிடிக்க வேண்டும் என்றால் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்க நேரமில்லை. படிக்காமலே படியெடுக்க வேண்டும். கேட்கிறபோது நடக்காத காரியமாகப் படுகிறது. 1994-இல் டேவ் ஹிட்ஸ், ஜேம்ஸ் லாவ், மைக்கேல் மால்கம் என்ற மூவர் ஒரு மாநாட்டுக் கட்டுரையில் அதற்கு வழி சொன்னார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1992-இல், அவர்கள் தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் நெட்ஆப் என்று பெரிதாக வளர்ந்தது.

அவர்களுடைய கோப்பு முறைக்கு வாஃபிள் என்று பெயர். டிஸ்க்கை 4 கிலோபைட் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளும். ஒரு கட்டத்தில் இருப்பதை மாற்ற வேண்டுமானால் பழைய கட்டத்தின் மேல் எழுதாது. காலியாக இருக்கும் வேறொரு கட்டத்தில் புதியதை எழுதிவிட்டு, எந்தக் கோப்பின் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று காட்டும் சுட்டிகளை மாற்றும். சுட்டிகளும் கட்டங்களில்தான் இருப்பதால் அவையும் புதிய இடத்தில் எழுதப்படும். இப்படியே மேலே போய்க்கொண்டிருந்தால் கடைசியில் எல்லாவற்றுக்கும் வேராக ஒரே ஒரு பதிவு. அந்த வேர்ப் பதிவை மட்டும் நகலெடுத்து வைத்துக்கொண்டால் போதும், அதுதான் ஸ்னாப்ஷாட். அதிலிருந்து கிளம்பும் சுட்டிகள் அந்த நொடியில் இருந்த கட்டங்களையே என்றென்றும் காட்டிக்கொண்டிருக்கும். ஒரே நிபந்தனை, ஸ்னாப்ஷாட் சுட்டுகிற கட்டங்களைக் காலியானவை என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. டேட்டாபேஸ் 10 ஜிகாபைட்டானாலும் 10 டெராபைட்டானாலும் வேலை வினாடிகளில் முடிந்துவிடும், ஏனென்றால் தரவு எதுவும் நகரவே இல்லை. எடுத்த கணத்தில் அது இடமும் பிடிக்காது. அதற்குப் பிறகு சர்வர் எவ்வளவு மாற்றுகிறதோ அவ்வளவுக்குத்தான் இடம் கரையும். 1994-இன் அந்த முதல் வடிவிலேயே ஒரே நேரத்தில் 20 ஸ்னாப்ஷாட் வரை வைத்துக்கொள்ள முடிந்தது.

எல்லா ஸ்னாப்ஷாட்டும் இப்படி வேலை செய்வதில்லை. லினக்ஸின் எல்விஎம் நீண்ட காலம் வேறு வழியில் போனது. அங்கே புதியது பழையதன் மேலேயே எழுதப்படும். எழுதுவதற்கு முன் பழைய கட்டத்தை எடுத்து ஒதுக்குப்புறமான ஓரிடத்தில் வைப்பார்கள். ஒருமுறை எழுதுவதற்கு இரண்டு மூன்று வேலை, அதனால் வேகம் குறையும். ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டாலோ ஸ்னாப்ஷாட் மொத்தமும் செல்லாக்காசு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கி 2005-இல் வெளியிட்ட இசட்எஃப்எஸ் வாஃபிளின் பக்கம் நின்றது. அஞ்சல் சர்வருக்கு எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கேட்டால் வாஃபிள் வகை என்று தயங்காமல் சொல்லிவிடலாம். அஞ்சல் டேட்டாபேஸ் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும் பிராணி.

சரி, ஒரு நொடி பிடிபட்டுவிட்டது. சர்வருக்குச் சொல்லாமலே பிடித்த நொடி அது. பிளக்கைப் பிடுங்கினால் டிஸ்க்கில் என்ன மிஞ்சுமோ அதுதான் ஸ்னாப்ஷாட்டில் இருக்கும். லாக் முறை ஒழுங்காக இருந்தால் இதிலிருந்தும் எழுந்து வரலாம். பின் ஏன் சர்வரையும் இதில் கூட்டுச் சேர்க்க வேண்டும்?

முதல் காரணம், டேட்டாபேஸ் ஒரு வால்யூமிலும், அதாவது ஸ்டோரேஜின் ஒரு தனிப் பகுதியிலும், லாக் இன்னொரு வால்யூமிலும் இருப்பதுதான். டேட்டாபேஸின் ஸ்னாப்ஷாட் லாகினுடையதற்கு அரை நொடி பிந்தினால்கூட, லாகில் இல்லாத மாற்றம் டேட்டாபேஸ் கோப்பில் இருக்கலாம். முதலில் லாக் என்ற சத்தியமே உடைந்துபோகும். பல இடங்களில் ஒரே நேரத்தில் ஓடும் ஒன்றின் நிலையை எப்படி ஒட்டுமொத்தமாகப் பிடிப்பது என்ற கேள்விக்கு மணி சாண்டியும் லெஸ்லி லாம்போர்ட்டும் 1985-இல் விடை எழுதினார்கள். சாண்டியும் சென்னை ஐஐடிக்காரர்தான், 1965 பட்டதாரி. ஆஸ்டினில் ஓர் இரவு விருந்தின்போது சாண்டி இந்தப் புதிரைப் போட்டாராம். இருவரும் கொஞ்சம் அதிகமாகவே ஒயின் அருந்தியிருந்ததால் அப்போது யோசிக்க முடியவில்லை. மறுநாள் காலை குளிக்கும்போது லாம்போர்ட்டுக்கு விடை தட்டியது. சொல்லலாம் என்று சாண்டியின் அறைக்குப் போனால் அவரும் அதே விடையோடு உட்கார்ந்திருந்தார். லாம்போர்ட்டே எழுதிவைத்திருக்கும் கதை இது. அவர்கள் கட்டுரையில் ஓர் உவமை வரும்: வானம் முழுக்க வலசைப் பறவைகள் பறந்துபோகின்றன, ஒரே படத்தில் அடங்காத காட்சி. பல புகைப்படக்காரர்கள் ஆளுக்கொரு பகுதியை எடுத்து ஒட்ட வேண்டும், எல்லாரும் ஒரே கணத்தில் பொத்தானை அழுத்தவும் முடியாது, பறவைகளை நிற்கச் சொல்லவும் முடியாது. ஒட்டிய பின் படம் அர்த்தமுள்ளதாக இருக்க வேண்டும்.

ஸ்டோரேஜ் கருவிகள் அவ்வளவு நுட்பத்துக்குப் போவதில்லை. பறவைகளைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிடுகின்றன. பல வால்யூம்களை ஒரு குழுவாகக் கட்டி, எல்லாவற்றிலும் எழுதுவதைச் சில கணங்கள் நிறுத்திவைத்து, ஒன்றாக ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு விடுவிக்கின்றன.

விண்டோஸில் இதற்கென்றே ஒரு ஏற்பாடு உண்டு. வால்யூம் ஷேடோ காப்பி சர்வீஸ், சுருக்கமாக விஎஸ்எஸ். விண்டோஸ் சர்வர் 2003-இல் வந்தது, அந்த ஆண்டின் எக்ஸ்சேஞ்ச் பதிப்பும் அதோடு பேசக் கற்றுக்கொண்டது. இதில் மூன்று பாத்திரங்கள். பேக்கப் மென்பொருள் கேட்கும். எக்ஸ்சேஞ்ச், எழுதுகிறவர் என்ற முறையில், தன் எழுத்தை நிறுத்திக்கொண்டு தயார் என்று சொல்லும். ஸ்டோரேஜ் ஸ்னாப்ஷாட்டை எடுத்துக் கொடுக்கும். மென்பொருளின் எழுத்து நிறுத்தம் 60 வினாடியைத் தாண்டக்கூடாது. ஸ்னாப்ஷாட் உருவாகும் நேரத்தில் கோப்பு முறையின் எழுத்து 10 வினாடிக்கு மேல் உறைந்திருக்கக்கூடாது. தாண்டினால் எல்லாம் ரத்து, மறுபடி முதலிலிருந்து. கடிதம் அனுப்பிக்கொண்டிருப்பவருக்கு இதில் எதுவும் தெரியாது. அவுட்லுக் ஒரு கணம் யோசித்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

இந்தச் சடங்கைத் தவிர்த்துவிட்டு, சர்வர் ஓடும் மெய்நிகர் கணினியையே விஎம்வேர் போன்றவற்றில் ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. எக்ஸ்சேஞ்சுக்கு அது ஆகாது, அதற்கு ஆதரவு கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் தன் ஆவணங்களில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது.

விஎஸ்எஸ் சடங்குக்கு இன்னொரு பலனும் உண்டு. பேக்கப் நல்லபடியாக முடிந்தது என்று தெரிந்தால் எக்ஸ்சேஞ்ச் தேவையற்ற பழைய லாக்களைத் தானே நீக்கிவிடும். முடியாவிட்டால் நீக்காது. பேக்கப் பல நாள் தோற்றுக்கொண்டிருப்பதை யாரும் கவனிக்கவில்லை என்றால் லாக் டிஸ்க் நிரம்பும், நிரம்பியதும் டேட்டாபேஸ் தன்னைத்தானே இறக்கிக்கொள்ளும், ஆபீஸ் முழுக்க மெயில் நின்றுவிடும். பேக்கப் சரியில்லை என்ற செய்தி பல நிர்வாகிகளை எட்டுவது இந்த வழியில்தான். கடுமையான ஏற்பாடுதான், ஆனாலும் ஒருவகையில் நேர்மையானது.

இனி அந்தப் பேசப்படாத பலவீனம். படிக்காமல் எடுத்தது என்பதுதான் ஸ்னாப்ஷாட்டின் வேகத்துக்குக் காரணம். அதனால் உள்ளே எழுத்து கெட்டிருந்தாலும் அதற்குத் தெரியாது.

எக்ஸ்சேஞ்ச் தன் டேட்டாபேஸின் ஒவ்வொரு பக்கத்திலும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண் ஒன்றை எழுதிவைக்கும். பக்கத்தைப் படிக்கும்போது மறுபடி கணக்கிடும். பொருந்தவில்லை என்றால் டிஸ்க்கோ கண்ட்ரோலரோ அதன் மென்பொருளோ எழுத்தைக் கெடுத்துவிட்டது என்று அர்த்தம். அதற்கான பிழை எண் மைனஸ் 1018. பழைய எக்ஸ்சேஞ்ச் நிர்வாகிகளிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். 2003 பதிப்பின் முதல் சர்வீஸ் பேக்கிலிருந்து, ஒரே ஒரு பிட் புரண்டிருந்தால் தானே திருத்திக்கொள்ளும் அளவுக்கு இந்த எண் கெட்டிக்காரத்தனம் பெற்றது. ஆனால் யாரும் திறக்காத பத்து வருடத்துக்கு முந்தைய கடிதம் இருக்கும் பக்கத்தை யார் படிக்கப்போகிறார்கள்? அந்தக் காலத்து பேக்கப் படித்தது. எக்ஸ்சேஞ்ச் வழியாகவே ஒவ்வொரு பக்கமாக வாங்கி, சரிபார்த்து, நாடாவுக்கு அனுப்பியது. இரவெல்லாம் ஓடியது, எல்லாரும் திட்டினார்கள், ஆனால் கெட்ட பக்கம் தட்டுப்பட்டால் அன்றைக்கே நின்று கூச்சல் போட்டது. 2010 பதிப்பில் அந்த முறையையே எடுத்துவிட்டார்கள்.

ஸ்னாப்ஷாட்டோ கெட்ட பக்கத்தையும் அப்படியே உறையவைத்து வெற்றி என்று பச்சை விளக்கு காட்டும். நாளைய ஸ்னாப்ஷாட்டும் அதே கட்டத்தைத்தான் சுட்டும். முப்பது நாள் ஸ்னாப்ஷாட் இருந்தாலும் அந்தப் பக்கத்துக்கு இருப்பது ஒரே ஒரு பிரதி, அதுவும் கெட்டது. இதற்கு மருந்து, எடுத்த ஸ்னாப்ஷாட்டை வேறொரு சர்வரில் இணைத்து, எஸ்இயூட்டில் என்ற கருவியால் பக்கம் பக்கமாகச் சரிபார்ப்பது. சேமித்த நேரத்தை இங்கே திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும், ஆனால் ஓடும் சர்வருக்குத் தொந்தரவில்லாமல். ஒழுங்கான பேக்கப் மென்பொருள்கள் இதைத் தாமாகவே செய்யும். நேரமாகிறது என்று அந்தத் தேர்வை அணைத்து வைப்பதும் உண்டு. அந்தக் கணத்திலேயே பேக்கப் வெறும் நம்பிக்கையாகிவிடுகிறது.

மீட்கும் நாள் வரும்போது ஸ்னாப்ஷாட்டின் அழகு தெரியும். டேட்டாபேஸ் கோப்பு மட்டும் கெட்டுவிட்டது, லாக் வால்யூம் நலமாக இருக்கிறது என்று கொள்வோம். நேற்று இரவு ஸ்னாப்ஷாட்டிலிருந்து கோப்பை மட்டும் பழைய நிலைக்குத் திருப்புவார்கள். சுட்டிகளை மாற்றும் வேலைதானே, நொடிகளில் ஆகும். பிறகு இரவு முதல் இந்த நிமிடம் வரை சேர்ந்த லாக்களை வரிசையாக ஓட்டுவார்கள். கடைசியாக வந்த கடிதம் வரைக்கும் திரும்பிவிடும். ஒரே நிபந்தனை, வரிசையில் ஒரு லாக் கூட விடுபடக்கூடாது. 1 மெகாபைட் கோப்பு ஒன்று நடுவில் இல்லை என்றால் அதற்குப் பின்னால் இருக்கும் ஆயிரம் லாக்கள் இருந்தும் பயனில்லை. அதனால்தான் டேட்டாபேஸையும் லாகையும் தனித்தனி டிஸ்க்கில் வைக்கச் சொன்னார்கள்.

மாறாக, வைரஸோ விஷமியோ உள்ளே புகுந்து கடிதங்களை அழித்திருந்தால் லாகை முழுக்க ஓட்டுவது தற்கொலை. அழித்ததும் லாகில் ஒழுங்காகப் பதிவாகியிருக்கும். ஓட்டினால் அதையும் ஒழுங்காகத் திரும்பச் செய்துவிடும். அப்போது டேட்டாபேஸும் லாகும் இரண்டுமே ஸ்னாப்ஷாட் நொடிக்குத் திரும்ப வேண்டும், அதற்குப் பிந்தைய கடிதங்கள் போனது போனதுதான்.

லாக் இல்லாமல் போன டேட்டாபேஸை எஸ்இயூட்டிலிடம் காட்டினால் டர்ட்டி ஷட்டவுன் என்று சொல்லும். அப்போது பதற்றத்தில் பலர் கை போகும் இடம் ரிப்பேர் என்ற கட்டளை. பேரைப் பார்த்து ஏமாறக்கூடாது. படிக்க முடியாத பக்கங்களைத் தூக்கியெறிந்துவிட்டு மிச்சத்தைத் திறக்கவைக்கும் கட்டளை அது. எத்தனை கடிதம் போயிற்று என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

இவ்வளவு பெரிய கூத்து நடப்பது அபூர்வம். அன்றாடம் வருகிற வேண்டுகோள், மேலதிகாரி ஒருவர் தவறுதலாக எதையோ அழித்துவிட்டார் என்பதுதான். அழித்த கடிதத்தை எக்ஸ்சேஞ்ச் இயல்பாகவே 14 நாளும், நீக்கிய அஞ்சல் பெட்டியை 30 நாளும் உள்ளுக்குள் ஒளித்து வைத்திருக்கும். அதையும் தாண்டினால், ஸ்னாப்ஷாட்டை மீட்பு டேட்டாபேஸ் என்ற பெயரில் ஓரமாகத் திறந்து, அந்த ஒருவரின் பெட்டியை மட்டும் உருவி எடுத்துக் கொடுக்கலாம். மற்றவர்களின் வேலை தடைபடாது.

எல்லா அஞ்சல் சர்வரும் ஒரே கோப்பில் குடியிருப்பதில்லை. ஜிம்ப்ராவில் கடிதங்கள் தனித்தனிக் கோப்புகளாக ஓரிடத்தில், அவற்றின் விவரங்கள் மரியாடிபியில், தேடல் அட்டவணை லூசினில், பயனர் கணக்குகள் எல்டாப்பில். நான்கும் ஒரே நொடியைச் சேர்ந்தவையாக இல்லாவிட்டால், இருக்கும் கடிதம் பட்டியலில் வராது, பட்டியலில் வருவது திறக்காது. அங்கே குழு ஸ்னாப்ஷாட்டின் அருமை இன்னும் அதிகம்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். அழிக்க வருகிறவன் கை எட்டுமா?

ஸ்னாப்ஷாட்டும் ஓடும் டேட்டாபேஸும் அதே டிஸ்க்கில் அதே கட்டங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. டிஸ்க் பெட்டி எரிந்தால் இரண்டும் போகும். அதனால் ஸ்னாப்ஷாட்டை வேறோர் ஊரில் இருக்கும் இன்னொரு பெட்டிக்கு அனுப்பிவைப்பார்கள்; இரண்டு ஸ்னாப்ஷாட்டுக்கு நடுவே மாறிய கட்டங்கள் எவை என்று ஏற்கெனவே தெரியும் என்பதால் அனுப்புவது சுலபம். தீயும் வெள்ளமும் இதோடு தீர்ந்தன. ஆனால் 2019 பிப்ரவரி 11 அன்று விஎஃப்இமெயில் என்ற அமெரிக்க அஞ்சல் சேவைக்கு நேர்ந்தது தீயோ வெள்ளமோ இல்லை. 2001 முதல் நடந்துவந்த சேவை அது. உள்ளே புகுந்த ஒருவன் அமெரிக்காவில் இருந்த அத்தனை சர்வர்களையும் பேக்கப் சர்வர்களோடு சேர்த்து வரிசையாக ஃபார்மேட் செய்தான். பேக்கப் சர்வர் ஒன்றை அழித்துக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தார்கள். பணம் கேட்கவில்லை, மிரட்டவில்லை. கிட்டத்தட்ட இருபது வருடக் கடிதங்கள் சில மணி நேரத்தில் போயின. ஆன்லைனில் இருந்த எதையும் அவன் கை எட்டியது. இன்றைய ஸ்டோரேஜ் கருவிகளில் குறித்த நாள் முடியும்வரை நிர்வாகியாலும் அழிக்க முடியாதபடி பூட்டும் ஸ்னாப்ஷாட் வந்துவிட்டதற்குக் காரணம் இப்படிப்பட்ட ஆட்கள்தான்.

கெட்ட எண்ணம் இல்லாமலும் கை எட்டலாம். 2011 பிப்ரவரி 27, ஞாயிற்றுக்கிழமை. ஜிமெயிலைத் திறந்த சிலருக்குப் பெட்டி காலியாக இருந்தது. மொத்தப் பயனர்களில் 0.02 சதவீதம் பேர்தான், ஆனால் ஜிமெயில் கணக்கில் அது பல்லாயிரம் பேர். ஒவ்வொரு கடிதத்தையும் பல தரவு மையங்களில் பல பிரதிகளாக வைத்திருக்கும் கூகுளுக்கு இது எப்படி நேர்ந்தது? சேமிப்பு மென்பொருளுக்குப் போட்ட அப்டேட்டில் இருந்த ஒரு பிழை, பல பிரதிகளையும் ஒருசேரத் தொட்டுவிட்டது. பிரதி எத்தனை இருந்தாலும் ஒரே மென்பொருள் எல்லாவற்றையும் ஆண்டால் தவறும் எல்லாவற்றிலும் பரவும். கடைசியில் கூகுள் காந்த நாடாவிடம் போனது. நாடாக்கள் ஆஃப்லைனில் இருந்ததால் பிழை அவற்றைத் தொடவில்லை என்று அதன் பொறியியல் துணைத் தலைவர் பென் டிரெய்னர் அப்போது எழுதினார். இன்னொரு தரவு மையத்துக்கு மாறுவது மில்லிவினாடிக் கணக்கு. நாடாவிலிருந்து எடுப்பதோ மணிக்கணக்கு. கூகுள் இன்னும் நாடா வைத்திருக்கிறதா என்று பலர் வியந்தார்கள். வெள்ளை மாளிகை விவகாரத்துக்கு 25 வருடம் கழித்தும் நாடாவின் அந்த இரண்டாவது குணத்துக்கு மாற்று கிடைத்திருக்கவில்லை.

மைக்ரோசாஃப்ட் தன் மேகச் சேவையில் வேறொரு தந்திரம் செய்கிறது. எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் வழக்கமான பேக்கப் கிடையாது. டேட்டாபேஸ் ஒவ்வொன்றுக்கும் நான்கு பிரதிகள். மூன்று உடனுக்குடன் ஓடும். நான்காவது வேண்டுமென்றே பின்தங்கி நிற்கும். லாக்களை வாங்கி வைத்துக்கொள்ளும், நாள்கணக்கில் தாமதித்துத்தான் ஓட்டும். சொந்தமாக சர்வர் நடத்துபவர்கள் இந்தத் தாமதத்தை 14 நாள் வரை வைக்கலாம். முன்னால் இருக்கும் மூன்றிலும் தர்க்கப்பிழை ஏதாவது புகுந்தால், அது வந்து சேருமுன் நான்காவதை நிறுத்திவிட அவகாசம் இருக்கும். ஸ்னாப்ஷாட் ஒரு நொடியை உறையவைக்கிறது என்றால் இந்தப் பிரதி எப்போதும் போன வாரத்தில் வாழ்கிறது.

ஸ்னாப்ஷாட் ஒரு நிறுவனத்தைக் கிட்டத்தட்ட தற்செயலாகக் காப்பாற்றிய கதையையும் சொல்ல வேண்டும். அது அஞ்சல் சர்வர் அல்ல, ஆனால் அஞ்சலுக்கு அதில் ஒரு வேடிக்கையான பங்கு உண்டு. 2017 ஜனவரி 31 இரவு, மென்பொருள் திட்டங்களின் நிரல்களைச் சேமித்துத் தரும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் துணை சர்வரில் அழிக்க வேண்டிய டேட்டாபேஸ் ஃபோல்டரை, களைப்பில், முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தியபோது சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட்தான் மிச்சம். பேக்கப்பைத் தேடினார்கள். அமேசான் மேகத்தில் இருக்க வேண்டிய தினசரிப் பிரதி இல்லவே இல்லை. படியெடுக்கும் கருவி பழைய பதிப்பாக இருந்ததால் நாள்தோறும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் எச்சரிக்கை மின்னஞ்சல்கள் போய்க்கொண்டுதான் இருந்தன, ஆனால் டிமார்க் என்ற கையொப்பச் சோதனையில் தேறாததால் பெறும் சர்வர் அவற்றை நிராகரித்துக்கொண்டிருந்தது. டிஸ்க் ஸ்னாப்ஷாட் டேட்டாபேஸ் சர்வர்களுக்கு இயக்கப்படவே இல்லை. மிஞ்சியது, அதே பொறியாளர் வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்திருந்த எல்விஎம் ஸ்னாப்ஷாட். வழக்கமாக 24 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் எடுப்பார்கள். அதை வைத்துத்தான் திரும்பினார்கள். ஆறு மணி நேரத் தரவு போனது. சுமார் 5,000 திட்டங்களும் 5,000 கருத்துகளும் 700 புதிய கணக்குகளும் அதில் அடக்கம்.

நொடியில் எடுத்த அந்த ஸ்னாப்ஷாட்டைத் திருப்பிக் கொண்டுவர 18 மணி நேரம் ஆயிற்று. அது இருந்தது மெதுவான டிஸ்க்குகள் கொண்ட சோதனை சர்வரில். அங்கிருந்து வலைவழியாக முழுக்கப் படித்துத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. எடுக்கும்போது படிக்காததைத் திருப்பும்போது படித்தாக வேண்டிய இடம் இது. பேக்கப் திட்டங்களில் எடுக்கும் நேரத்தை எழுதிவைப்பவர்கள் திருப்பும் நேரத்தை அளந்து பார்ப்பது குறைவு.

அந்த நேரத்துக்கு என்ன விலை என்பதை டெக்சாஸின் சான் அன்டோனியோவில் இருக்கும் ராக்ஸ்பேஸ் கண்டுகொண்டது. 2022 டிசம்பர் 2 அன்று அதன் எக்ஸ்சேஞ்ச் வாடகைச் சேவையை ப்ளே என்ற ரான்சம்வேர் கும்பல் தாக்கியது. சுமார் 30,000 வாடிக்கையாளர்களுக்கு மெயில் நின்றது, பெரும்பாலும் சின்ன நிறுவனங்கள். புதிய கடிதங்கள் வர எல்லாரையும் மைக்ரோசாஃப்ட் 365-க்கு அவசரமாக மாற்றினார்கள். பழைய கடிதங்களை மீட்கும் வேலை தனியாக நடந்தது. 2023 ஜனவரி தொடக்கத்தில், பாதிக்கப்பட்டவர்களில் பாதிப்பேருக்கு மேல் தங்கள் கடிதங்களை முழுதாகவோ பகுதியாகவோ இறக்கிக்கொள்ளலாம் என்று நிறுவனம் அறிவித்தது. அப்படிக் கிடைக்கச் செய்தவர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களே வந்து எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் வேறு வழி பார்த்துக்கொண்டிருக்கலாம், கைபேசியிலும் அவுட்லுக்கிலும் இருந்த பிரதியே போதும் என்று விட்டிருக்கலாம். எக்ஸ்சேஞ்ச் வாடகைச் சேவையை இனி மறுபடி கட்டப்போவதில்லை என்றும் ராக்ஸ்பேஸ் அப்போதே சொல்லிவிட்டது.